புதுச் சாப்பாட்டைச் சாப்பிடப் பழகுவது: காரைக்குடி அடுப்படியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டில் விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போடுகிறேன். சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகளும் வருவார்கள், ஜப்பான், பிரான்ஸ் என்று தூரத்திலிருந்தும் வருவார்கள். முற்றம், முகப்பு எல்லாம் பார்த்து முடித்து இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் "இது என்ன ஆச்சி?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் ஊரில் சாப்பிடுவதை நானும் கேட்பேன், சில சமயம் கொண்டுவந்து கொடுத்தும் இருக்கிறார்கள். இப்படி இரண்டு பக்கமும் பேசிப் பேசிச் சேர்ந்த கேள்விகளும் பதில்களும்தான் இவை.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் காரமான கறிச் சாப்பாடுதானே?

இல்லை. எங்கள் கல்யாண விருந்து சைவம். பால் பணியாரம், கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம், கும்மாயம், சீப்புச் சீடை, மனகோலம் என்று இனிப்பும் பலகாரமுமே ஒரு பெரிய வரிசை இருக்கிறது. ஊர் ஊராக ஓட்டல் பலகையில் 'செட்டிநாடு' என்று எழுதி மிளகாய்த்தூளைக் கொட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள், வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக் கடித்ததும் ஆச்சரியப்படுகிறார்கள். அது அரிசியும் உளுந்தும் பாலும் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும்தான். தொட்டுக்கொள்ளும் வரமிளகாய்த் துவையலில் வேண்டிய காரம் இருக்கிறது.

மிளகாயே நமக்கு வந்த பொருள்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது, போர்ச்சுகீசியர் வந்த பிறகு இங்கே வந்தது. அதற்குத் தனியாக ஒரு பெயர்கூட யோசிக்காமல், மிளகு போல உறைக்கும் காய் என்று மிளகாய் ஆக்கிவிட்டோம். இன்றைக்கு ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

கவுனி அரிசி ஏன் இப்படிக் கருப்பாக இருக்கிறது? சாயம் போட்டதா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். சாயம் இல்லை. நாவல் பழத்துக்கும் கத்திரிக்காய்த் தோலுக்கும் ஊதா நிறம் கொடுக்கும் அதே ஆந்தோசயனின்தான் இதன் தவிட்டிலும் இருக்கிறது. ஊறவைத்தால் தண்ணீர் ஒயின் நிறத்துக்கு வரும், அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அரிசி ஒட்டிக்கொள்வதற்கும் காரணம் உண்டு. சாதாரண அரிசியில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மாவுச்சத்து இருக்கும். கவுனியில் அமைலோஸ் மிகக் குறைவு, அதனால் வெந்ததும் பசை போல ஆகிவிடுகிறது.

இந்த அரிசி எங்கள் வீட்டுக்குப் பர்மாவிலிருந்து வந்தது. என் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், மோல்மீனில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்தார். அந்தக் காலத்தில் மூன்று வருஷம் ஒரு கணக்கு. ஆண்கள் மூன்று வருஷம் அங்கே லேவாதேவிக் கடையில் இருந்துவிட்டுக் கணக்கு முடிந்து ஊருக்கு வருவார்கள், பெண்கள் இங்கேயே இருப்பார்கள். வரும்போது தேக்கும் வந்தது, பீங்கானும் வந்தது, இந்த அரிசியும் வந்தது. பர்மியர்கள் ஒட்டும் அரிசியைச் சொல்லும் 'கவுக்ஹ்ஞின்' என்ற சொல்லையும் நம் 'கவுனி'யையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், வந்த வழி காதில் கேட்கும்.

அங்கே இதைக் காலையில் ஆவியில் வேகவைத்து, அவித்த பட்டாணி, தேங்காய்த் துருவல், உப்பும் எள்ளும் சேர்த்த பொடி இவற்றோடு சாப்பிடுகிறார்கள். மலேசியாவில் கஞ்சி போலக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றிப் 'புபூர் புலுட் ஹித்தாம்' என்கிறார்கள். எங்கள் அப்பத்தா காலத்துப் பெண்கள் பர்மாவைப் பார்த்ததே இல்லை. கையில் வந்த அரிசியை வைத்துக்கொண்டு சர்க்கரை, நெய், ஏலக்காய், தேங்காய் போட்டு ஒரு இனிப்பாக்கி, கல்யாண இலையில் முதல் வரிசையில் வைத்துவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களாகவே கண்டுபிடித்த பக்குவம் அது. எனக்கு அவர்கள்மேல் இருக்கும் மரியாதை, ஒவ்வொரு தடவை கவுனி கிளறும்போதும் கூடுகிறது.

1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது பல ஆயிரம் தமிழர்கள் மணிப்பூர், அசாம் வழியாக நடந்தே திரும்பினார்கள், வழியில் இறந்தவர்களும் மிகப் பலர். 1960-களில் அங்கே தொழில்கள் அரசுடைமையானபோது மிச்சமிருந்தவர்களும் வந்துவிட்டார்கள். கடைகள் போயின, நிலம் போனது. கவுனி இலையில் தங்கிவிட்டது.

கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குறையுமாமே?

தவிட்டோடு இருக்கும் அரிசி, வெள்ளை அரிசியைவிட நல்லது, அவ்வளவுதான். அதுவும் அரிசிதான். நாங்கள் செய்யும் கவுனியில் சர்க்கரையும் நெய்யும் கணிசமாக இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு ஸ்பூன் ருசி பாருங்கள், மருந்தென்று கிண்ணம் நிறையச் சாப்பிடாதீர்கள்.

முன்பின் பார்க்காத சாப்பாட்டை முதல் தடவை எப்படிச் சாப்பிடுவது?

தனியாகச் சாப்பிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்களோ அதோடு சேர்த்து, அவர்கள் எடுக்கும் அளவில், அவர்கள் சாப்பிடும் நேரத்தில் சாப்பிடுங்கள். நான் சொல்ல நினைப்பது முழுக்க இது ஒன்றுதான். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதையே வேறு வேறு பக்கமிருந்து சொல்பவை.

எனக்கு இது புரிந்தது நாட்டோவால். சோயாவை அவித்துப் பேசில்லஸ் என்ற நுண்ணுயிரால் புளிக்கவைத்தது, ஜப்பானில் காலைச் சாப்பாடு. நூல் நூலாக இழுக்கும். முதல் தடவை ஒரு ஓட்டலில் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள், வெறும் ஸ்பூனில் அள்ளி வாயில் போட்டேன். விழுங்க முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து ஜப்பானிலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டு பெட்டி கொண்டுவந்திருந்தார். நான் தயங்கியதைப் பார்த்து, "சுடுசோறு இருக்கிறதா?" என்று கேட்டார். பெட்டிக்குள் இருந்த சாஸும் கடுகு விழுதும் போட்டுக் குச்சியால் நன்றாக அடித்து, ஆவி பறக்கும் சோற்றின்மேல் ஊற்றிக் கொடுத்தார். அடித்ததில் பசை நுரையாகிவிட்டது, கடுகு மூக்கில் ஏறி வாடையை அடக்கிவிட்டது, சோறு உப்பை வாங்கிக்கொண்டது. முழுக் கிண்ணமும் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் அவருக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும் சுட்ட நெத்திலிக் கருவாடும் வைத்தேன். கருவாட்டை மட்டும் முதலில் கடித்துவிடப் போகிறாரே என்று நான் கையைக் காட்டித் தடுத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

யோசித்துப் பாருங்கள். ஊறுகாயை முதல் முறையாகப் பார்க்கும் ஒருவர் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டால் நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி என்ன நினைப்பார்? தயிர்சோறு பக்கத்தில் இருந்தால்தான் ஊறுகாய்க்கு அர்த்தம். உலகத்தில் 'விசித்திரம்' என்று பேர்வாங்கிய பல உணவுகள், துணை இல்லாமல் தனியே தட்டில் வைக்கப்பட்ட ஊறுகாய்கள்தான்.

வாடையே தாங்கவில்லை என்றால்?

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வாடை அடிக்கும் உணவுகளில் பெரும்பாலானவை, கெட்டுப்போகாமல் இருப்பதற்காகப் புளிக்கவைத்தவை, உப்பிட்டவை, காயவைத்தவை. மீன் நிறையக் கிடைக்கும் மாதமும் கிடைக்காத மாதமும் இருக்கும் ஊரில் கருவாடு பிறக்கும். பர்மாவின் ஙாப்பி என்ற மீன் விழுது, மலேசியாவின் பெலாச்சான் என்ற இறால் விழுது, வியட்நாமின் மீன் சாஸ், மாலத்தீவின் மாசிக் கருவாடு எல்லாம் அப்படி வந்தவையே. மாசியை இங்கே கீழக்கரைப் பக்கம் சம்பலாக்கிச் சாப்பிடுகிறவர்களிடம் போய் அது விசித்திரம் என்றால் உங்களைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

ஐஸ்லாந்தில் 'ஹாகார்ல்' என்று ஒன்று உண்டு, சுறாவைப் புளிக்கவைத்தது. உலகத்திலேயே மோசமான உணவு என்று அதைப் பற்றிப் பலர் எழுதியிருப்பார்கள். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். கிரீன்லாந்துச் சுறாவின் இறைச்சியைப் புதிதாகத் தின்றால் விஷம், போதை ஏறியதுபோல் ஆளைத் தள்ளிவிடும். அதனால் சில வாரங்கள் அழுத்திப் புளிக்கவைத்து, பிறகு நான்கைந்து மாதம் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். குளிரும் பசியும் மிகுந்த ஒரு தீவில், விஷமான மீனை உணவாக்கக் கண்டுபிடித்த வழி அது. சின்னச் சதுரமாக வெட்டி, கடுமையான சாராயம் ஒரு மடக்கோடு சாப்பிடுகிறார்கள். ஒரு துண்டுதான், தட்டு நிறைய யாரும் தின்பதில்லை.

அம்மோனியா வாடை நமக்கும் பழக்கம்தான். சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கிவைத்திருக்கும் மீன், கொஞ்சம் நேரமானால் அந்த வாடை கிளம்பிவிடும். எங்கள் ஊர்களுக்குத் தொண்டியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் மீன் வரும். சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வதக்கினால் புட்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறா கொடுக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர் மாதக்கணக்கில் செய்வதை நாம் மஞ்சளையும் பூண்டையும் வைத்து அரைமணி நேரத்தில் செய்கிறோம், மீன் வேறு என்பதால்.

நடைமுறையில் ஒரு யோசனை: வாடையுள்ள எதையும் ஆறவிட்டுச் சாப்பிடாதீர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் பசியோடு உட்காருவதுதான் அதைவிட உதவும். வயிறு நிறைந்தவருக்கு மூக்குதான் வேலை செய்யும்.

டுரியான்?

காலையில், தோட்டத்துப் பக்கம், வெளியில் நின்று சாப்பிடுங்கள். கூட மங்குஸ்தான் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஓட்டல் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல ஓட்டல்கள் அனுமதிப்பதில்லை, சிங்கப்பூர் ரயிலிலும் தடை. மலேசியாவில் பழுத்துத் தானாக விழுந்த பழத்தையே விரும்புவார்கள். அது வாடை அதிகம், ருசியும் அதிகம்.

கல்பாசி என்பது பாசியா?

பாசியும் பூஞ்சையும் ஒன்றாகக் கூடி வாழும் லைக்கன் அது. பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது. பார்க்கக் காய்ந்த சருகு மாதிரி இருக்கும், முகர்ந்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. சூடான எண்ணெயில் விழுந்த நொடியில்தான் மழை பெய்த மண் போல ஒரு மணம் எழும். கறிக்குழம்பில் "இது என்ன வாசனை, சொல்லத் தெரியவில்லையே" என்று விருந்தாளிகள் தேடுவது இதைத்தான். கொஞ்சம் கூடினாலும் கசக்கும், ஒரு கிலோ கறிக்கு இரண்டு மூன்று இதழ் போதும். மராட்டி மொக்கு இலவ மரத்து மொட்டு. அன்னாசிப்பூ தெற்குச் சீனம், வடக்கு வியட்நாம் மலைகளில் விளைவது. வியட்நாமின் ஃபோ சூப்பைக் குடித்துவிட்டு எங்கள் வீட்டுக் குழம்பின் ஞாபகம் வருகிறது என்று ஒரு பெண் சொன்னாள். அன்னாசிப்பூவும் பட்டையும் இரண்டிலும் இருக்கிறதே.

மண்டி என்று கழுநீரில் குழம்பு வைக்கிறீர்களாமே?

அரிசி களைந்த தண்ணீர்தான். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது களைந்த கெட்டித் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அதில் புளி கரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் வதக்கி, வெண்டைக்காயோ மொச்சையோ பலாக்கொட்டையோ மாங்காயோ போட்டுக் கொதிக்கவிட்டால் மண்டி. அரிசியின் மாவு புளியின் கூர்மையை மழுக்கிக் குழம்புக்கு ஓர் உடம்பு கொடுக்கும். மழை குறைந்த சீமை இது. தண்ணீரை மதிக்கத் தெரிந்தவர்களின் சமையல்.

மண்டியைக் கிண்ணத்தில் ஊற்றிச் சூப் போலக் குடிக்கப் பார்க்கிறார்கள் சிலர். வேண்டாம். சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள்.

ரத்தம், குடல், மூளை எல்லாம் எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?

ஓர் ஆட்டைக் கொன்றால் அதில் எதையும் வீணாக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நாம் ரத்தத்தை வெங்காயம் தேங்காயோடு பொரியலாக்குகிறோம். பிரிட்டனில் கொழுப்பும் தானியமும் சேர்த்துக் கருப்பு சாஸேஜ் ஆக்குகிறார்கள், பிலிப்பீன்ஸில் வினிகரோடு தினுகுவான் என்று குழம்பாக்குகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஹேகிஸ், ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸோடும் வெங்காயத்தோடும் ஆட்டு வயிற்றில் அடைத்து வேகவைப்பது. ஜனவரி 25 அன்று தங்கள் கவிஞர் பர்ன்ஸின் பிறந்தநாளில் அதைப் பெரிய விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவிலோ 1971 முதல் நுரையீரலை மனித உணவாக விற்கவே தடை, அதனால் அசல் ஹேகிஸ் அங்கே போக முடியாது. ஒரு நாட்டில் விழாச் சாப்பாடு, இன்னொரு நாட்டில் சட்டவிரோதம்.

முதல் தடவை என்றால் ஈரலில் ஆரம்பியுங்கள், அப்புறம் மூளை வறுவல். அது முட்டைப் பொரியல் போல மென்மையாக இருக்கும், மிளகு நிறைய வேண்டும். குடலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். குடல் குழம்பின் ருசி முழுக்கச் சுத்தம் செய்தவரின் பொறுமையில் இருக்கிறது. யார் சமைத்தது என்று தெரியாத இடத்தில் சாப்பிட வேண்டாம்.

பூச்சி சாப்பிடுவதை நினைத்தாலே குமட்டுகிறதே?

பிரான்மலை எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை. பாரி ஆண்ட பறம்பு மலை அது என்று சொல்வார்கள். பாரி இறந்த பிறகு கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்றில், 119-ஆம் பாட்டு அது, மழை பெய்த காலத்தில் செம்மண் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை மோரோடு புளிக்கச் சமைத்த உணவு வருகிறது. அழிந்துபோன தன் நண்பனின் நாட்டு வளத்தை நினைத்து ஏங்கும்போது கபிலருக்கு ஞாபகம் வந்தவற்றில் ஈசலும் ஒன்று. பக்கத்திலேயே தினையும் இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து பூச்சி சாப்பிடுவது வேறு யாரோ செய்யும் காரியம் என்று என்னால் பேச முடியவில்லை.

என் சின்ன வயதிலும் மழைக்கு மறுநாள் ஈசல் பிடித்து, இறகைப் புடைத்துவிட்டு, வறுத்துப் பொரியோடு கலந்து தின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். முறுமுறுவென்று, கொஞ்சம் வேர்க்கடலை போல இருக்கும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் சிவப்பு முசுறு எறும்பை உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகாயோடு அரைத்துச் சட்னி செய்கிறார்கள். அதற்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எறும்பின் புளிப்புதான் அதில் எலுமிச்சைக்குப் பதில்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாக மனதில் வையுங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டிலும் ஒரே வகைப் புரதம் இருக்கிறது. மேல் ஓடுகளைப் பார்த்தாலே உறவு தெரியும்.

மார்கழியில் நெருப்பையே விழுங்குகிறீர்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலிழை எடுத்துச் சேர்ப்போம். கடைசி நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், 21 இழையையும் ஒரே திரியாக்குவோம். பச்சரிசி மாவு, வெல்லம், நெய் பிசைந்த இழைமாவில் பிள்ளையார் பிடித்து, திரியை அதில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் கையில் கொடுப்பார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வாயை மூடியதும் காற்றில்லாமல் சுடர் அணைந்துவிடும், நெய்யும் வெல்லமும் நாக்கில் இறங்கும். ஆவாரம்பூ, பல வகைப் பொரி, கருப்பட்டிப் பணியாரம் எல்லாம் படையலில் இருக்கும். கடல் கடந்து வியாபாரம் செய்த நகரத்தார், அதாவது எங்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், எந்த ஊரில் இருந்தாலும் கூடிச் செய்தார்கள், இப்போதும் செய்கிறார்கள்.

விருந்தாளிகள் "நானும் செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்பார்கள். இது வேடிக்கை இல்லை, நோன்பு. கூட உட்கார்ந்து பாருங்கள். இழைமாவைத் திரியில்லாமல் தருகிறேன், சாப்பிடுங்கள்.

நாங்கள் சைவம். வெளிநாட்டில் இப்படி எதையும் பார்க்கவே முடியாதா?

பார்க்கலாம், ஆனால் 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. தாய்லாந்து, பர்மா, வியட்நாமில் கீரைப் பொரியலில்கூட மீன் சாஸ் இருக்கும், மலேசியாவில் சம்பல் என்றாலே பெலாச்சான் இருக்கலாம். எதெது வேண்டாம் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். வியட்நாமில் 'சாய்' என்ற சொல் உதவும். பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சைவம் சாப்பிடுகிறார்கள், அந்த நாளில் அங்கே இருந்தால் தெருவெல்லாம் சைவக் கடை. இந்தோனேசியாவின் தெம்பே, சோயாவைப் பூஞ்சையால் கட்டியாக்கியது, வறுத்தால் அருமை. எத்தியோப்பியாவின் இஞ்செரா, டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து ஊற்றுவது. ஓட்டை ஓட்டையாக ஆப்பத்துக்கு அக்கா போல இருக்கும், அவர்களும் கையால்தான் பிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

பர்மாவின் லபெட் என்ற புளித்த தேயிலையும் சைவமாகக் கிடைக்கும், காய்ந்த இறால் போடாமல் கேட்டு வாங்கினால். வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு, தக்காளி, கோஸ் எல்லாம் கலந்து சாலட். ராத்திரி சாப்பிட்டால் தூக்கம் வராது, தேயிலை அல்லவா.

சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-இலிருந்து தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, பினாங்கிலும் சைகோனிலும் உண்டு. தைப்பூசத்தின்போது போனால் அன்னதானத்துக்கு உட்காருங்கள். எங்கள் ஆட்கள் போன இடமெல்லாம் முதலில் முருகனுக்கு இடம்பிடித்தார்கள்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால்?

முதல் நாள் ஒரு புதுப் பொருள் போதும், இரண்டைச் சேர்க்காதீர்கள். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். கர்ப்பமாக இருப்பவர்கள் பச்சை மீன், பச்சைக் கறி, காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ் இவற்றைத் தொட வேண்டாம். மன அழுத்தத்துக்கான சில பழைய வகை மாத்திரைகளோடு முதிர்ந்த சீஸும் புளித்த சோயாவும் சேரக் கூடாது, டாக்டரிடம் கேளுங்கள். தெருவில் சாப்பிட்டால் கண் முன்னால் கொதிப்பதைச் சாப்பிடுங்கள். மரவள்ளியை எந்த நாட்டிலும் பச்சையாகக் கடிக்காதீர்கள், அதில் சயனைடு உருவாக்கும் பொருள் இருக்கிறது.

பிள்ளைகள் புதிதாக எதையும் தொடமாட்டேன் என்கிறார்களே?

திணிக்காதீர்கள். நீங்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்க்கவிடுங்கள். பத்துத் தடவைக்கு மேல்கூட ஆகலாம். கந்தரப்பத்தில் ஆரம்பித்தால் சீக்கிரம் வழிக்கு வருவார்கள்.

பிடிக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது?

முகத்தைச் சுளிக்காமல் சொல்லலாம். எங்கள் பக்கம் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து "போதும் ஆச்சி" என்றால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம். ஒரு முறை சொன்னால் நம்பமாட்டோம், இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். அது எங்கள் பாசம். இலையில் வாங்கிவிட்டு அப்படியே விட்டுப்போவதுதான் வருத்தம் தரும், அதனால் கொஞ்சமாக வாங்குங்கள். முடிந்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

வெளியூர்களிலும் இப்படிச் சில இருக்கும். ஜப்பானில் சோற்றில் குச்சியை நட்டு நிறுத்தாதீர்கள், அது சாவுச் சடங்கு. எத்தியோப்பியாவில் யாராவது ஒரு கவளத்தை உருட்டி உங்கள் வாயருகே கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்களுக்குச் செய்யும் மரியாதை.

ஒரு வேண்டுகோள். சமைத்தவர் எதிரில் நிற்கும்போது முகம் சுளித்து வீடியோ எடுக்காதீர்கள். ஒரு பையன் எங்கள் வீட்டில் ரத்தப் பொரியலை வைத்து அப்படிச் செய்தான். அடுப்படியில் உதவும் அக்கா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அவர் அம்மாவிடம் கற்ற சமையல் அது.

ரங்கூன் புட்டு ரங்கூனில் கிடைக்குமா?

இதே வடிவில் எதிர்பார்க்காதீர்கள். எங்கள் புட்டு வறுத்த ரவை, வெல்லம், தேங்காய், நெய் போட்டு உதிரியாக இருக்கும். பர்மாவில் ரவையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, மேலே கசகசா தூவி, வில்லைகளாக வெட்டும் சன்வின் மகின் என்ற இனிப்பு உண்டு.

கவுனி வாங்கிப் போனேன், வேகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஊறவில்லை, அல்லது சர்க்கரையை முதலிலேயே போட்டுவிட்டீர்கள். ஒரு கப் அரிசியைக் கழுவி ராத்திரி முழுக்க மூன்று கப் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், நிறம் அதில்தான் இருக்கிறது. அதே தண்ணீரோடு குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஏழெட்டு விசில் விடுங்கள். விரலால் நசுக்கினால் குழைய வேண்டும். அதன் பிறகுதான் முக்கால் கப் சர்க்கரை. முன்னால் போட்டால் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு அரிசியை வேகவிடாது. சர்க்கரை போட்டதும் இளகும், பயப்படாமல் கிளறுங்கள். அரை கப் தேங்காய்த் துருவல், இரண்டு ஸ்பூன் நெய், ஏலக்காய். ஆறினால் இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும்போது என்ன கொண்டுவரலாம்?

உங்கள் வீட்டில் தினமும் சாப்பிடுகிற ஏதாவது ஒன்று. கடையில் அலங்காரமாக விற்கும் பெட்டி வேண்டாம். துணையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். நாட்டோ என்றால் கடுகு விழுதோடு, லபெட் என்றால் அந்தப் பொரித்த பூண்டோடு. சோறு மட்டும் சுமக்க வேண்டாம், நான் வடித்து வைத்திருப்பேன்.